இரண்டு ஆண்டுத் துறவு: ஜப்பானில் மார்மன் இளம் ஊழியர்கள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முறையான பெயராகவும் மார்மன் சபை என்பது உலகறிந்த வழக்காகவும் அமைந்த கிறித்தவப் பிரிவு, தன் இளைஞர்களைக் கல்லூரிப் பருவத்தில் வீட்டிலிருந்து பிரித்து, அவர்கள் தேர்ந்தெடுக்காத ஓர் ஊருக்கு, பெரும்பகுதி அவர்கள் குடும்பத்தின் செலவிலேயே, மதப்பணிக்கு அனுப்பும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வருகிறது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உலகின் பல நாடுகளில் இப்பணியில் இருக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். ஆண்களுக்கு 24 மாதமும் பெண்களுக்கு 18 மாதமும் நீளும் இந்தக் காலத்தில் அவர்கள் சம்பளம் பெறுவதில்லை, காதலிப்பதில்லை, திரைப்படம் பார்ப்பதில்லை, தனியாக எங்கும் போவதுமில்லை. துறவு என்னும் சொல்லுக்குத் தமிழ் மரபில் உள்ள கனம் வேறு என்றாலும், திரும்பி வந்து திருமணம் செய்துகொண்டு வேலைக்குப் போகப்போகிற ஓர் இளைஞர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மேற்கொள்ளும் துறவு என்று இதனைச் சொல்வதில் பிழையில்லை.

இச்சபையை ஜோசப் ஸ்மித் என்பவர் தம் 24-ஆம் வயதில், 1830 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். விவிலியத்தோடு இணையாக இச்சபையினர் வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகம் அதே ஆண்டில் அச்சேறியது. பழங்கால அமெரிக்காவில் வாழ்ந்த தீர்க்கதரிசிகள் பொற்றகடுகளில் எழுதிவைத்ததை இறையருளால் மொழிபெயர்த்ததாக ஸ்மித் அறிவித்தார். கிறிஸ்து ஏற்படுத்திய சபை அப்போஸ்தலர்களுக்குப் பின் சிதைந்துபோயிற்று என்பதும், அது தம் வழியாக மீண்டும் நிலைநாட்டப்பட்டது என்பதும் அவருடைய அடிப்படைக் கூற்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுளின் மூன்று ஆள்களல்லர், நோக்கத்தில் ஒன்றிய தனித்தனி மூவர் என்று போதிப்பதால் ஏனைய கிறித்தவ சபைகள் இவர்களோடு முரண்படுகின்றன. இச்சபையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 2001-இல் முடிவு செய்தது. மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே பயன்படுத்துமாறு அப்போதைய சபைத் தலைவர் ரஸல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார் என்றாலும், பொதுவாசகர் அறிந்த பெயர் அதுவே என்பதால் இக்கட்டுரையில் அது இடம்பெறுகிறது.

ஊழியத்துக்குப் போக விரும்பும் இளைஞர் முதலில் தம் ஊர்ச் சபையின் தலைவரிடம் விண்ணப்பிக்கிறார். பிஷப் எனப்படும் இத்தலைவர், வெளியே வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஊதியமின்றிச் சபைப் பொறுப்பைச் சுமக்கும் ஒரு குடும்பஸ்தர். ஒழுக்கம் குறித்த நேர்காணலும் மருத்துவர், பல் மருத்துவர் சான்றுகளும் முடிந்தபின் விண்ணப்பம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள தலைமையகத்துக்குச் செல்கிறது. எந்த நாடு, எந்த மொழி என்பதை அங்குள்ள அப்போஸ்தலர்கள், அதாவது சபையின் உயர்நிலைத் தலைவர்கள் பன்னிருவர் கொண்ட குழுவினர், பிரார்த்தனையோடு முடிவு செய்வதாக நம்பப்படுகிறது. இந்த அழைப்பு 2018 வரை அஞ்சலில் உறையாக வந்தது; இப்போது இணையத்தில் வருகிறது. பெற்றோரும் உறவினரும் கூடியிருக்க, பெரு என்றோ கானா என்றோ ஜப்பான் என்றோ அந்த இளைஞர் முதன்முறையாக உரக்கப் படிப்பது மார்மன் குடும்பங்களில் திருமணத்துக்கு அடுத்த பெரிய நிகழ்ச்சி. வந்த இடம் வேண்டாம் என்று மாற்றிக் கேட்கும் வழக்கம் இல்லை. தன் விருப்பத்தை ஒப்புக்கொடுப்பதே ஊழியத்தின் முதல் பாடம் என்று அவர்கள் கருதுவதால், இந்தத் தேர்வின்மையைக் குறையாகக் காண்பவர் மிகச் சிலரே.

செலவு முறையும் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவிலிருந்து செல்லும் ஓர் ஊழியரின் குடும்பம் மாதம் 400 டாலர் செலுத்தி வந்தது. 2020 ஜூலை முதல் அது 500 டாலர். டோக்கியோவுக்குப் போகிறவரும் வாழ்க்கைச் செலவு குறைந்த நாட்டுக்குப் போகிறவரும் ஒரே தொகையைப் பொதுநிதியில் கட்டுகின்றனர். 1991-இல் இந்த ஏற்பாடு வருவதற்குமுன், போகும் ஊரின் விலைவாசியை அந்தந்தக் குடும்பமே தாங்க வேண்டியிருந்தது. பல பிள்ளைகள் சிறுவயதிலேயே உண்டியலில் காசு சேர்க்கத் தொடங்குகின்றனர்.

யூட்டாவின் ப்ரோவோ நகரில் உள்ள பயிற்சி மையமே இவ்வகை மையங்களில் பெரியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தாய்மொழியிலேயே பணியாற்றப் போகிறவர்களுக்குச் சில வாரப் பயிற்சி போதும்; ஜப்பானிய மொழி போன்ற கடினமான மொழிக்கு ஒன்பது வாரம் வரை ஆகிறது, அதன் முதற்பகுதியை இப்போது வீட்டிலிருந்தே இணையவழி படிக்கின்றனர். இலக்கண நூலை முடித்துவிட்டு மொழியைப் பேசத் தொடங்குவதற்கு அவகாசம் தரப்படுவதில்லை. மிகத் தொடக்கத்திலேயே, தெரிந்த அரைகுறைச் சொற்களைக் கொண்டு அந்த மொழியில் பிரார்த்தனை செய்யவும் பாடம் நடத்தவும் பழக்கப்படுகின்றனர். இக்கட்டுரை ஜப்பானை முதன்மையாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்த ஊழியத்தின் கடுமையும் அதன் உட்பொருளும் அந்த நாட்டில் தெளிவாகத் தெரிவதே.

1901 ஆகஸ்டு 12 அன்று யோகோஹாமா துறைமுகத்தில் அப்போஸ்தலர் ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் இச்சபையின் ஊழியர்கள் நால்வர் இறங்கினர். அவர்களில் மிக இளையவரான ஆல்மா டெய்லருக்கு வயது 19. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் வந்த அவர், எட்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே தங்கி, ஜப்பானிய அறிஞர்களின் துணையோடு மார்மன் புத்தகத்தை அந்த மொழியில் ஆக்கி 1909-இல் வெளியிட்டார். ஆயினும் பலன் மிகச் சிறிதாகவே இருந்தது. இருபதாண்டுக்கு மேல் உழைத்தும் இருநூறு பேர்கூட ஞானஸ்நானம் பெறாத நிலையில், 1924-இல் சபை அந்தப் பணியை மூடிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்கப் படைவீரர்களாக வந்திருந்த சபையினரின் தொடர்பால் அந்தப் பணி மீண்டும் வேர்பிடிக்க, 1948-இல் ஊழியர்கள் திரும்பி வந்தனர். ஆசியாவின் முதல் மார்மன் ஆலயம் 1980-இல் டோக்கியோவில் திறக்கப்பட்டது. ஜப்பானில் இன்று இச்சபையின் பதிவேட்டில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துக் கிறித்தவர்களே நூற்றுக்கு ஒருவர் அளவில் உள்ள நாட்டில், இது சிறு கூட்டமே.

ஊழியரின் நாள் காலை 6.30 மணிக்குத் தொடங்குகிறது. எழுந்ததும் பிரார்த்தனை, அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், காலை உணவு ஆகியவை முடிந்தபின் தனித்து வேதம் படித்தல், பிறகு தோழரோடு சேர்ந்து படித்தல், அதன்பின் மொழிப் பயிற்சி என்று முற்பகலின் பெரும்பகுதி கழிகிறது. பிற்பகலும் மாலையும் வெளியே. இரவு ஒன்பது மணி அளவில் அறைக்குத் திரும்பி, அடுத்த நாளுக்குத் திட்டமிட்டு, 10.30 மணிக்குள் விளக்கணைக்க வேண்டும். இந்த அட்டவணையை நாட்டின் வழக்கத்துக்கேற்பச் சற்று நெகிழ்த்திக்கொள்ள 2017 முதல் அனுமதி உண்டு. மக்கள் இரவு நேரங்கழித்தே அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் ஜப்பானில் மாலைப்பொழுதே பயனுள்ள நேரம். ஆடவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, தலைக்கவசத்தோடு மிதிவண்டியில் செல்வது ஜப்பானிய நகரங்களில் பழகிப்போன காட்சி. சட்டைப் பையின்மேல் கருநிறப் பெயர்ப்பட்டை இருக்கும். அதில் குடும்பப்பெயர் மட்டுமே, அதற்கு முன்னால் ஆடவருக்கு மூப்பர் என்றும் பெண்களுக்குச் சகோதரி என்றும் பொருள்படும் அடைமொழி. பத்தொன்பது வயதுப் பையன் மூப்பர் என்று அழைக்கப்படுவது வியப்பளிக்கலாம். அது வயதைக் குறிப்பதன்று, சபையில் அவர் பெற்றுள்ள ஆசாரியத்துவப் பதவியைக் குறிப்பது. முதற்பெயரால் தோழர்கள்கூட அழைப்பதில்லை.

தோழர் என்று இங்கே சொல்லப்படுபவர் ஊழிய வாழ்வின் மையம். எந்த ஊழியரும் தனித்துப் பணியாற்றுவதில்லை. எப்போதும் இருவர், அல்லது மூவர். ஒரே அறையில் உறங்கி, ஒரே சமையலை உண்டு, ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் நீங்காமல் வாழ வேண்டும். யாரோடு இணைவது என்பதை ஊழிய வட்டாரத்தின் தலைவர் முடிவு செய்கிறார். மனைவியோடு மூன்றாண்டுக் காலம் அந்த நாட்டில் தங்கி நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களைக் கண்காணிக்கும் நடுத்தர வயதினர் அவர். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். அதில் ஊரும் மாறலாம், தோழரும் மாறலாம். வசதியான வீட்டில் வளர்ந்த அமெரிக்கப் பையனும், மீனவக் குடும்பத்திலிருந்து வந்த பிலிப்பைன்ஸ் பையனும், பௌத்தப் பெற்றோரை மீறிச் சபையில் சேர்ந்த ஜப்பானியப் பையனும் இப்படி இணைக்கப்படலாம். பிடிக்காதவரோடு இருபத்துநான்கு மணிநேரமும் வாழப் பழகுவதுதான், கதவு தட்டுவதைவிடக் கடினமான பாடம் என்று ஊழியம் முடித்தவர்கள் பரவலாகச் சொல்கின்றனர். மணவாழ்க்கைக்கு இதைவிடச் சிறந்த முன்பயிற்சி இல்லை என்பதும் அவர்களிடையே வழங்கும் பேச்சு.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, ஆயத்த நாள் எனப்படுகிறது. துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதும் முடிவெட்டிக்கொள்வதும் ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் அன்றைக்கே. வீட்டுக்குக் கடிதமும் மின்னஞ்சலும் எழுதுவதும் அன்றுதான். தொலைபேசியில் பெற்றோரோடு பேசுவது ஆண்டுக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் நாளன்றும் மட்டுமே என்று நெடுங்காலம் இருந்தது. 2019 பிப்ரவரியில் இக்கட்டுப்பாடு தளர்ந்து, வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்றாயிற்று. கவனம் சிதறும் என்று பழைய தலைமுறையினர் சிலர் அஞ்சினாலும், இந்த மாற்றம் தாமதமாக வந்த நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

ஜப்பானில் விருந்தோம்பலின் முதல் அடையாளம் ஒரு குவளைப் பச்சைத் தேநீர். மார்மன் சபையினரோ, 1833-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட ஞான வார்த்தை என்னும் உணவு நெறியின்படி, மது, புகையிலையோடு காப்பியையும் தேயிலையில் செய்த தேநீரையும் விலக்குகின்றனர். பல நாள் அலைந்து, கடைசியில் ஒரு முதியவள் கதவைத் திறந்து உள்ளே அழைத்து, இரண்டு கைகளாலும் பணிவோடு நீட்டும் குவளையை, அவள் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பதை இந்த இளைஞர்கள் வந்த முதல் வாரத்திலேயே கற்றாக வேண்டும். வாற்கோதுமையை வறுத்துச் செய்யும் முகிச்சா என்னும் பானத்தில் தேயிலை இல்லாததால் அது அவர்களுக்கு ஆகும். பழகிய வீடுகளில் அதுவே தயாராக இருக்கும். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் பணிவை எப்படிக் காட்டுவது என்பதை அந்தக் குவளை அவர்களுக்குக் கற்றுத்தருவதுபோல் எந்தப் பயிற்சி நூலும் கற்றுத்தர இயலாது.

ஆனால் அப்படி அழைப்பவர் அரிது. பெரும்பாலான வீடுகளில் கதவே திறப்பதில்லை. வாசல் ஒலிபெருக்கியில் மென்மையான குரல் ஒன்று வேண்டாம் என்று நாகரிகமாக மறுத்துவிடும். ஆகவே இரயில் நிலைய வாசல்களில் நின்று துண்டறிக்கை தருவதும், சபைக் கட்டடத்தில் கட்டணமின்றி ஆங்கில வகுப்பு நடத்துவதும், அண்மைக் காலத்தில் சமூக ஊடகங்கள் வழியே அறிமுகம் தேடுவதும் முக்கிய வழிகளாகிவிட்டன. ஆங்கிலம் கற்க வருபவரில் பெரும்பாலோர் ஆங்கிலத்தோடு நின்றுவிடுவர். கேட்க முன்வரும் சிலருக்கும், சபையின் கைந்நூல் வகுத்துள்ள பாடங்களை அப்படியே தொடங்கிவிட முடிவதில்லை. எண்ணற்ற தெய்வங்களும் மூதாதையரும் உறையும் உலகில் வளர்ந்தவருக்கு, உலகைப் படைத்த ஒரே தந்தை உண்டு, அவர் நம் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிகிறார் என்பதைச் சொல்வதற்கே பல மாலைகள் பிடிக்கின்றன. கேட்பவரின் மனத்தைத் தொடுவது பல வேளைகளில் வேறொரு போதனை: குடும்ப உறவு மரணத்தோடு முடிவதில்லை, ஆலயச் சடங்கால் அது நித்தியமாக நிலைக்கும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் அதைப் பெற்றுத்தரலாம், ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம். இறந்தோருக்கான இந்த ஞானஸ்நானத்தைப் பிற சபைகள் கடுமையாகக் கண்டித்தாலும், ஆண்டுதோறும் ஒபோன் விழாவில் முன்னோரை வரவேற்று வழியனுப்பும் ஜப்பானியருக்கு இது அந்நியமாகப் படுவதில்லை.

ஞானஸ்நானம் பெற இசையும் ஒருவர் மதுவையும் தேநீரையும் விட வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகத் தர வேண்டும். ஞாயிறு முழுவதையும் சபைக்கு ஒதுக்க வேண்டும். அலுவலகத்துக்குப் பின் மேலதிகாரியோடு மது அருந்துவது பணியின் பகுதியாகவே கருதப்பட்டுவந்த சமூகத்தில் இது வாழ்க்கையையே திருப்பிப்போடும் முடிவு. இந்தக் கனத்தை மறந்து அவசரப்பட்ட காலமும் ஒன்று உண்டு. 1980-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் டோக்கியோவின் தென்பகுதி ஊழிய வட்டாரத்தில், போதிய போதனையின்றி இளைஞர்கள் பலருக்கு விரைவாக ஞானஸ்நானம் தரப்பட்டது. எண்ணிக்கை வியக்கத்தக்க அளவில் ஏறியது. அவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே காணாமற்போயினர். எண்ணிக்கையைக் கொண்டு ஊழியத்தை அளந்ததன் விளைவு அது என்பதைச் சபையின் உள்ளிருந்தே எழுதியவர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அப்படியானால், நாள்தோறும் மறுப்பையே பெற்று, இரண்டாண்டு முடிவில் ஒருவரையோ இருவரையோ சேர்த்து, சிலவேளை எவரையும் சேர்க்காமலே திரும்பும் ஓர் இளைஞரின் நம்பிக்கை எதனால் நிலைக்கிறது என்பதே இங்கு உண்மையான கேள்வி. மார்மன் வழிபாட்டில் சாட்சி சொல்லுதல் என்னும் வழக்கம் நடுநாயகமானது: இது உண்மை என்று அறிகிறேன் எனத் தன் உள்ளனுபவத்தைப் பலர்முன் அறிவிப்பது. ஊரில் அது எல்லாரும் சொல்லும் வாசகம். பெற்றோர் சொன்னதைப் பிள்ளையும் சொல்கிறான். ஜப்பானில் அவனுக்குத் தெரிந்த சொற்களே சில நூறு. மழையில் நனைந்து நின்று, நம்பாத ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, அலங்காரம் எதற்கும் இடமில்லாத மொழியில் அதைச் சொல்லும்போது, தான் அதை உண்மையிலேயே நம்புகிறேனா என்னும் கேள்வியிலிருந்து அவன் தப்ப முடிவதில்லை. சாட்சி என்பது அதை எடுத்துச் சொல்லும்போதே கண்டடையப்படுகிறது என்று போதித்தார் சபையின் அப்போஸ்தலராக நெடுங்காலம் இருந்த பாய்ட் பேக்கர். திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னைத் தானே நம்பவைத்துக்கொள்ளும் முறை இது என்று விமரிசிப்பவர்கள் உண்டு; அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் சொன்னதைச் செயலால் தாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான நாள் வாழ்வது வெறும் சொல்லைத் திருப்பிச் சொல்வதிலிருந்து வேறுபட்டது. சபையின் பழைய பலதார மணத்தைப் பற்றியும், 1978 வரை கறுப்பின ஆடவருக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டதைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவன் தனியே விடை தேட வேண்டியிருக்கிறது. சிலர் அந்தத் தேடலில் நம்பிக்கையை இழக்கின்றனர். மற்றவர்களுக்கு அங்கேதான் அது முதன்முறையாகச் சொந்தமாகிறது. மார்மன் ஊழியம் முதன்மையாக மாற்றுவது ஊழியரையே என்பது இச்சபையை ஆராய்ந்தவர்களும் சபையினரும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் செய்தி.

தமிழகத்தோடும் இந்த வரலாற்றுக்கு ஓர் இழை உண்டு. 1853-இல், ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மார்மன் ஊழியர்கள் கல்கத்தா வழியாக மதராஸ் வந்து போதித்தனர்; இதழொன்றையும் அச்சிட்டனர்; பெரிய பயன் காணாமல் அடுத்த ஆண்டுகளில் திரும்பினர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழிய வட்டாரம் 1993-இல்தான் அமைந்தது. இந்திய இளைஞர்களும் இன்று இந்த ஊழியத்தில் உள்ளனர்.

பெண்களின் பங்கு இதில் அண்மைக்கால வளர்ச்சி. ஆடவருக்கு ஊழியம் கடமையாகவும் பெண்களுக்கு விருப்பமாகவும் கருதப்படுகிறது. 2012 அக்டோபரில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன், ஆடவருக்கான குறைந்த வயதை 19-இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கானதை 21-இலிருந்து 19 ஆகவும் குறைத்தபோது, பெண்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. கதவைத் தயங்கித் திறக்கும் ஜப்பானிய மூதாட்டிகளிடமும் இளம் தாய்மாரிடமும் அவர்கள் எளிதாக நம்பிக்கை பெறுகின்றனர்.

திரும்பியவர்களின் வாழ்வில் அந்த நாடு தங்கிவிடுகிறது. தைவானில் ஊழியம் செய்த ஜான் ஹன்ட்ஸ்மன் பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். 1971-இல் ஜப்பானுக்கு ஊழியராக வந்த கென்ட் கில்பர்ட், அந்நாட்டுத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற முகமானார். அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட மிட் ராம்னி 1960-களில் பிரான்சில் கதவு தட்டியவர். இப்படிப் பேசப்படுபவர்களைக் காட்டிலும் கவனத்துக்குரியவர்கள், நடுவழியில் திரும்புகிறவர்கள். மன அழுத்தம், உடல்நலக்குறைவு, நம்பிக்கைச் சிக்கல் ஆகியவற்றால் காலம் முடியுமுன் வீடு வரும் இளைஞர்கள், இரண்டாண்டு முடித்தவரையே மணமகனாக விரும்பும் சமூகத்தில், எதையோ கைவிட்டவர்போல் பார்க்கப்படுகின்றனர். சொந்த ஊரிலேயே தங்கி மருத்துவமனை, உணவு வங்கி போன்ற இடங்களில் தொண்டு செய்யும் சேவை ஊழியத்தை அவர்களுக்கான மாற்றாகச் சபை இப்போது முன்வைக்கிறது. பதினெட்டு வயதில் ஒருவரை உலகின் மறுகோடிக்கு அனுப்பத் துணியும் சமூகம், அவர் எட்டாம் மாதத்தில் திரும்பி வந்தாலும், இருபத்துநான்காம் மாதத்தில் திரும்பியவருக்குச் சபையில் தரும் அதே வரவேற்பை அவருக்கும் தர வேண்டும்.